வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு

பத்து இருபத்திரண்டு. இன்னும் எட்டு நிமிடம். என் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரம் பத்து இருபத்திரண்டு என்கிறது. சுவரில் முதலாளி தண்டபாணி அண்ணன் மாட்டி வைத்திருப்பது பத்து இருபத்தைந்து என்கிறது, மூன்று நிமிடம் முன்னால் ஓடவிட்டால்தான் ஆட்கள் நேரத்துக்கு வந்து உட்காருவார்கள் என்பது அண்ணனின் நிர்வாகத் தத்துவம், அந்த மூன்று நிமிடம் எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆகவே எல்லாரும் மூன்று நிமிடம் தாமதமாகவே வருகிறோம். மும்பையில் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் குளிரில் உட்கார்ந்திருக்கும் எங்கள் டேட்டாபேஸுக்கோ இப்போது நாலு ஐம்பத்திரண்டு, ஏனென்றால் அதற்கு இடம் வாடகைக்குக் கொடுத்திருக்கும் கிளவுட்காரர்கள் உலகம் முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருக்கிறார்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று கடிகாரம், எதை நம்புவது. ஆயிரத்து நூற்று நாற்பது கல்யாண மண்டபங்கள். ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை, எந்தத் தேதி யாருக்கு, எந்த முகூர்த்தம், சாப்பாட்டுக் கூடம் எத்தனை பந்தி, எல்லாம் அந்த ஒரு டேட்டாபேஸுக்குள் இருக்கிறது, அதன் வெர்ஷன் பழசாகிவிட்டது, புதுசாக மாற்றியாக வேண்டும், இந்த மாதம் முடிவதற்குள் நீங்களே ஒரு நேரம் குறித்துக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் நாங்களே ஒரு நேரம் பார்த்து மாற்றிவிடுவோம் என்று கிளவுட்காரர்கள் அறிவிப்பு அனுப்பினார்கள், அதுவும் ஆவணி மாதத்தில், ஆடியில் அனுப்பியிருந்தால் கும்பிட்டிருப்பேன், எங்கள் வீட்டில் கும்பிடுகிற பழக்கம் இல்லை என்றாலும். பத்து இருபதுக்கு, மண்டபங்கள் தேதி பதிகிற எங்கள் மென்பொருளை நானே மூடினேன். பத்து இருபத்தொன்றுக்கு எத்தனை பதிவுகள் உள்ளே இருக்கின்றன என்று எண்ணச் சொன்னேன், நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூற்று முப்பத்தாறு, பேனாவால் உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன், காகிதத்தில் எழுதினால் தொலைத்துவிடுவேன், கை தொலையாது. திரும்பி வரும்போது இதே எண் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் இனிமேல் எல்லாப் பராமரிப்பும் பகலில். ஒரு நிமிடம் தாண்டினாலும் பழையபடி மாதம் இரண்டு முறை ஞாயிறு அதிகாலை இரண்டு மணி, அதுதான் பேச்சு, அண்ணன் கையை நீட்டி என்னிடம் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

ஆறு வருடமாக ஞாயிறு இரண்டு மணி. பெரிய தியாகம் என்று சொல்லமாட்டேன், உலகத்தில் எத்தனையோ பேர் ராத்திரி வேலை பார்க்கிறார்கள், ஆனால் எனக்குத் தூக்கம் பிடிக்கும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஜிலேபி பிடிப்பதுபோல் பிடிக்கும். மகள் மதியொளிக்கு அஞ்சு வயது. ஞாயிறு காலையில் அம்மா தூங்குகிறாள் சத்தம் போடாதே என்று கார்மேகம் அவளைப் பழக்கி வைத்திருக்கிறார், கார்மேகம் என் வீட்டுக்காரர், வேலை பார்ப்பது கிளவுடில், கட்டிக்கொண்டது கார்மேகத்தை என்று கல்யாணத்தில் எல்லாரும் ஓட்டித் தீர்த்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிறு பத்து மணிக்குக் கண் விழித்தேன், வாசலில் பிள்ளை பக்கத்து வீட்டுப் பையனோடு விளையாடிக்கொண்டிருந்தாள், ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு, அவள் எண்ணுகிறாள், ஒன்று, ரெண்டு, மூன்று, எல்லாம் குசுகுசுவென்று, வாயை மட்டும் அசைத்து. அந்தப் பையனும் ரகசியமாகவே ஓடி ஒளிகிறான். எனக்கு அப்படியே சுருக்கென்றது. அன்றைக்குத்தான் இனி முடியாது என்று முடிவு செய்தேன், சண்டை போடுவது என்று, ஆனால் யாரோடு சண்டை போடுவது, டேட்டாபேஸை நிறுத்தினால் மண்டபக்காரர்கள் நின்றுபோவார்கள், அவர்கள் தூங்கும் நேரம்தான் நான் விழித்திருக்க வேண்டிய நேரம். பத்து இருபத்தேழு. அண்ணன் அறையிலிருந்து மணிச் சத்தம் கேட்கிறது, கற்பூர வாசனை, ஏதோ பூஜை நடக்கிறது, நடக்கட்டும்.

ஐந்து மணி, பூஜ்யம் பூஜ்யம். கிளவுட் நேரத்தில் ஐந்து மணி என்றால் நமக்குப் பத்தரை. அதைத்தான் குறித்து வைத்தேன், திங்கட்கிழமையே. நேற்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் சும்மா ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று திறந்தால் வெள்ளிக்கிழமை 10:30 என்று இருக்கிறது. நான் அப்படிப் போடவில்லையே. கிளவுட் நேரத்தில் பத்தரை என்றால் நமக்கு மாலை நாலு மணி, வெள்ளிக்கிழமை நாலு மணி என்றால் ஊரே மண்டபம் பேச வரும் நேரம், நடுச்சந்தையில் கடையை இழுத்து மூடுவது மாதிரி. யார் மாற்றியது என்று பார்த்தால் அண்ணன். அறைக்குள் போய்க் கேட்டேன். "நீங்க தப்பாப் போட்டுட்டீங்கம்மிணி, அஞ்சு மணின்னு இருந்துச்சு, வெள்ளிக்கெழம ராகு காலம் பத்தரைங்கள்ல, காலண்டர வெச்சுப் பாத்து நாந்தான் திருத்தி வெச்சேன்" என்று சிரிக்கிறார், உதவி செய்த பெருமை முகத்தில் வழிகிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "அண்ணா, அது வெளிநாட்டு நேரமுங்ணா" என்றேன். "ராகு காலத்துக்கு எதுக்குங் வெளிநாட்டு நேரம்?" என்றார். நியாயமான கேள்விதான். மறுபடியும் ஐந்து என்று போட்டேன், சேமித்தேன், மூடித் திறந்து பார்த்தேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பல் தேய்க்கும்போது பார்த்தேன், ஆனால் கடைசியாகப் பார்த்தபின் அவர் திரும்பவும் திருத்தியிருந்தால், அந்த மனிதருக்கு உதவி செய்ய ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பத்து இருபத்தொன்பது. பத்து இருபத்தொன்பது. ஒரு நிமிடம் இத்தனை நீளமா. பத்து முப்பது. பச்சையாக இருந்த எழுத்து மஞ்சளாகிறது. பராமரிப்பு தொடங்கியது என்கிறது. அம்மாடி. சரியான நேரத்தில் தொடங்கிவிட்டது, இனி என் கையில் ஒன்றும் இல்லை, உள்ளங்கையில் ஓர் எண்ணைத் தவிர.

இனி காத்திருப்பதுதான் வேலை. காத்திருக்கச் சொன்னால் மனசு எங்கெங்கோ போகிறது. அந்தப் பள்ளத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு நாளில் எத்தனை பேர் டேட்டாபேஸைத் தொடுகிறார்கள் என்று ஒரு கிராஃப் இருக்கிறது, காலையில் ஏறும், மாலையில் ஏறும், ராத்திரியில் படுக்கும். போன வருடம் அதில் ஒரு பள்ளம் கண்ணில் பட்டது, சரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு எல்லாம் அடங்கிவிடுகிறது, பிறகு விருட்டென்று எழுகிறது. கோளாறு என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஏழரைக்கு, புதன்கிழமை பன்னிரண்டுக்கு, செவ்வாய் மூன்று மணிக்கு, ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில். இடம் மாறுகிற கோளாறு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோளாறு, எனக்கு ஒரே பெருமை, கண்டுபிடித்துவிட்டேன் என்று. மூன்று மாதம் அதன் பின்னால் அலைந்தேன். கிளவுட்காரர்களிடம் புகார் கொடுத்தேன், போனில் பெயர் கேட்டார்கள், ரஷ்யா என்றேன், டேட்டாபேஸ் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்கவில்லை மேடம், உங்கள் பெயர் என்றார் அந்தப் பையன், என் பெயரே அதுதான்பா என்று புரியவைப்பதற்குள் பத்து நிமிடம். அவர்களும் பெரிய பெரிய ஆட்களை வைத்து ஆராய்ந்து, உங்கள் வாடிக்கையாளர்கள் ஏதோ ஒரு மர்மமான கால அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று எழுதி அனுப்பினார்கள். அதை அச்செடுத்து மேசையில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஜெசிந்தா வந்தாள். மண்டபக்காரர்களின் போனை எடுத்துப் பதில் சொல்கிறவள், தூத்துக்குடிக்காரி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பிள்ளை. கிராஃபை ஒரு பார்வை பார்த்தாள். "எக்கா, இது ராகு காலம்லா? அந்நேரம் எவன் மண்டபம் புக் பண்ணுவான்? எனக்கு போனே வராது, அப்பந்தான் நான் டீ குடிப்பேன்" என்றாள். மூன்று மாதம். மூன்று மாதம் நான் தேடியதை அவள் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும், எங்கள் வீட்டில் அந்தக் காலண்டரே கிடையாது.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். உடுமலைப்பேட்டை பஸ் டிப்போவில் மெக்கானிக். பழனிச்சாமி என்ற பெயரிலிருந்த சாமியை வெட்டி எறிந்துவிட்டுப் பழனி ஆனவர், பழனியும் சாமி ஊர்தானே, மிச்சத்தையும் வெட்டிவிடுங்கள் என்று அம்மா கேலி செய்வாள். அவர்கள் கல்யாணமே ராகு காலத்தில்தான் நடந்தது, வேண்டுமென்றே, இதேபோல் ஒரு வெள்ளிக்கிழமை, இதே பத்தரை பன்னிரண்டு, மாலை மாற்றி, நாலு பேர் மேடையில் பேசி, கேசரி கொடுத்து முடித்தார்கள். "அந்த ராகு காலத்துல புடிச்சது, இன்னும் விட மாட்டேங்குது" என்பாள் அம்மா, அப்பாவைக் கண்ணால் காட்டி. எனக்கு ரஷ்யா என்று பெயர் வைத்தார், எனக்கு மூன்று வயதாகும்போது அந்தப் பெரிய நாடு உடைந்தது, அப்பா ரெண்டு நாள் சாப்பிடவில்லையாம், பெயரை மட்டும் மாற்றவில்லை. இத்தனையும் செய்துவிட்டு அந்த மனிதர் என்னைக் கூப்பிடுவது எப்படி, "ஏஞ்சாமி, சாப்ட்டயா சாமி?" என்றுதான், எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தான் கொஞ்சுவார்கள், கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு நாளைக்கு இருபது தடவை சாமி சாமி என்று கூப்பிடுவார், இன்றுவரை அவர் அதைக் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லிக் காட்டவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவார். போன வாரம் ஒரு தினசரிக் காலண்டர் வாங்கி என் மேசையில் மாட்டினேன், ஏழு நாளின் ராகு காலத்தையும் மனப்பாடம் செய்தேன், வாய்ப்பாடு மாதிரி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார். முதலில் கத்துவார், பிறகு எதற்கென்று கேட்பார், பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார் என்று நினைக்கிறேன். பத்து ஐம்பத்தெட்டு. இன்னும் மஞ்சள்.

அண்ணனைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய கூத்து. கிராஃபைக் காட்டினேன், வெள்ளிக்கிழமைப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன், நம் மண்டபக்காரர்களே நமக்கு வாரம் ஏழு நாளும் பகலில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் அண்ணா, நாம்தான் அதைப் பார்க்காமல் ராத்திரியில் முழித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அண்ணன் முகம் மலர்ந்தது, பாத்தீங்ளா பெரியவங்க சும்மா சொல்லல என்றார், உடனே முகம் சுருங்கியது. "அதெப்பிடிங் அம்மிணி, ராகு காலத்துல போயி ஒரு காரியத்த ஆரம்பிக்கறது?" நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. யாரும் எதுவும் தொடங்காத நேரம் என்பதால்தான் அந்த நேரம் காலியாக இருக்கிறது, காலியாக இருப்பதால்தான் நான் தொடங்கப் பார்க்கிறேன், அதே காரணத்தால் தொடங்கவும் கூடாது, எங்கே போய் முட்டிக்கொள்வது. நான் பழனியின் மகள், இருந்தும் வாதாட வாயெடுக்கவில்லை, வாதாடினால் தோற்பேன். யோசித்துச் சொன்னேன், ஆரம்பத்தை நல்ல நேரத்தில் வைத்துக்கொள்வோம் அண்ணா, ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம், அதற்குள் நீங்கள் உங்கள் கையால் என்ன செய்ய வேண்டுமோ செய்துவிடுங்கள், அப்புறம் நடப்பது வெறும் தொடர்ச்சிதானே. அண்ணன் முகம் தெளிந்தது. "வண்டிய நல்ல நேரத்துல ரெண்டடி நவுத்தி வெச்சர்றது மாதிரிங்" என்றார். ஆமாங்ணா, அதே மாதிரி. கையை நீட்டினார். நானும் அவரும், எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ராகு, மூன்று பேரும் திருப்தியாகப் பிரிந்தோம்.

பதினொன்று இருபது. மஞ்சள். கிளவுட்காரர்கள் நாற்பது நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள், ஐம்பது ஆகிவிட்டது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டமாட்டார்கள், மஞ்சள் ஒன்றுதான், அதையே எவ்வளவு நேரம் பார்ப்பது, மூலையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது, சுற்றுவதால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை, அது சும்மாவும் சுற்றும், என் பெரியப்பா வீட்டு மேசை விசிறி மாதிரி. நின்றுபோயிருந்தால். பாதியில் நின்றுபோனால் பழைய பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும், அதற்கு ரெண்டு மணி நேரம், பன்னிரண்டு என்பது பகல் கனவு, ஆவணி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்ததும் ஆயிரத்து நூற்று நாற்பது மண்டபமும் கதவைத் தட்டும், உள்ளே ஆளில்லை. அண்ணன் திட்டமாட்டார், அதுதான் கஷ்டம், "பரவால்லீங் அம்மிணி, நேரஞ் செரியில்ல" என்பார், நேரத்தின் மேல் பழியைப் போட்டு என்னை விட்டுவிடுவார், பிறகு ஞாயிறு இரண்டு மணி, பிறகு அந்தக் குசுகுசுப்பு. ரெண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிறு விடியலில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது ஹோப் காலேஜ் சிக்னலில் கண் அயர்ந்துவிட்டேன், வண்டி நின்றுகொண்டிருந்தது, நான்தான் சாய்ந்தேன், மோவாயில் மூன்று தையல், கார்மேகத்திடம் நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேன், பாவம், அங்கே இல்லவே இல்லாத நாய். கை மோவாய்க்குப் போகிறது. நினைக்காதே. வட்டத்தைப் பார். சுற்றுகிறது. பதினொன்று இருபத்தாறு.

ஜெசிந்தா ஓடிவருகிறாள். ராகு காலத்தில் அவள் டீ குடிக்க வேண்டுமே, ஏன் ஓடிவருகிறாள். "எக்கா, தாராபுரம் மண்டபத்துலேந்து போன். ஒரு பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிக்காவளாம், இப்பமே புக் பண்ணணுமாம்." பன்னிரண்டு வரை மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். "சொல்லியாச்சுக்கா. பன்னெண்டுக்கு மேல வேண்டாமாம், ராகு காலத்துக்குள்ளதான் வேணுமாம், கல்யாணமும் ராகு காலத்துலதானாம், அவுங்க அப்டிப்பட்ட ஆளுகளாம்." எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கடவுளே, அதாவது, அப்பாவே. எல்லாரையும் கணக்கில் எடுத்தேன், என் அப்பா ஜாதி ஆட்களை மறந்தே போனேன். அந்தப் பள்ளத்தின் அடியில் எப்போதும் நாலைந்து புள்ளிகள் இருக்கும், ஒருநாளும் அது பூஜ்யத்தைத் தொட்டதில்லை, ஏதோ சோதனை, ஏதோ தூசி என்று தள்ளினேனே, தூசி இல்லை, ஆட்கள். நான் பிறந்ததே அந்தப் புள்ளியில்தான். "சிரிக்காதியக்கா, இன்னும் இருக்கு" என்றாள் ஜெசிந்தா. "அதே தேதிக்கு இன்னொரு பார்ட்டி அங்கனயே நாற்காலியில உக்காந்துருக்காவ, பெரிய குடும்பம், பன்னெண்டு அடிக்கட்டும்னு காத்துக் கெடக்காவ. மேனேஜர் நல்ல மனுசன், கம்ப்யூட்டர்ல யார் பேரு மொதல்ல ஏறுதோ அவங்களுக்குத்தான் மண்டபம்ங்காரு." அதாவது ஒரே கூடத்தில் ஒரு பக்கம் ராகு போகட்டும் என்று ஒரு குடும்பம், இன்னொரு பக்கம் ராகு போவதற்குள் என்று ரெண்டு பேர் மட்டும், நடுவில் நான். பொண்ணு பெயர் என்ன என்று கேட்டேன். தேன்கனி. மாப்பிள்ளை ஆரோக்கியம். ரெண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை போலிருக்கிறது, பெண்ணே வந்து நிற்கிறதென்றால் அதுதான் அர்த்தம். "லைன்லயே இருக்கச் சொல்லு" என்றேன்.

பதினொன்று நாற்பத்தொன்று. பச்சை. பச்சை! மேசையில் ஓங்கித் தட்டிவிட்டேன், பேனா தெறித்து எங்கோ போனது. வந்துவிட்டது, புது வெர்ஷனில், உயிரோடு. ஒரு க்ளிக் செய்து மென்பொருளைத் திறந்துவிட்டால் போதும், தாராபுரத்துப் பிள்ளைகள் பதிந்துகொள்ளலாம், விரல் போய்விட்டது அங்கே. இல்லை. முதலில் எண்ண வேண்டும். எண்ணாமல் திறந்து, உள்ளே ஒரு பதிவு காணாமல் போயிருந்தால், எந்த ஊரிலோ ஒரு குடும்பம் பத்திரிகை அடித்துவிட்டு வந்து நிற்கும்போது அவர்கள் தேதி அங்கே இருக்காது, அந்தப் பாவத்தை நான் சுமக்கமாட்டேன். எண்ணச் சொன்னேன். ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம். நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூற்று முப்பத்தேழு. உள்ளங்கையை விரித்தேன். முப்பத்தாறு. வியர்வையில் மை கலைந்திருக்கிறதோ, ஆறா ஏழா, இல்லை, ஆறுதான். ஒன்று அதிகம். குறைந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம், எப்படி ஒன்று கூடும், மூடிய கதவுக்குள் யார் போனது, டேட்டாபேஸ் தானே குட்டி போடுமா. காது ரெண்டும் சூடாகிவிட்டது. பதினொன்று நாற்பத்தைந்து. மறுபடியும் எண்ணச் சொன்னேன், அதே ஏழு. "எக்கா, அந்தப் பொண்ணு கேக்குது, இன்னும் எவ்ளோ நேரம்னு" என்கிறாள் ஜெசிந்தா. இரு. நான் எண்ணிய பிறகு எழுதப்பட்டது எது, அதை மட்டும் காட்டு என்று கேட்டேன், அவசரத்தில் தப்பாக அடித்தேன், திருத்தினேன். ஒரே ஒரு வரி வந்தது. நேரம், நம் கணக்கில் பத்து இருபத்தேழு. மண்டபம், சோதனை மண்டபம், நாங்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் பொய் மண்டபம். பதிந்தவர், தண்டபாணி. மூடினாலும் முதலாளிக்கு மட்டும் திறக்கும் தனிச் சாவி ஒன்று உண்டு, நானே வருடங்களுக்கு முன்னால் கொடுத்தது. மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஓர் எழுத்து. உ. பிள்ளையார் சுழி! நல்ல நேரத்தில் காரியத்தை ஆரம்பித்து வைக்கச் சொன்னேனே, மனிதர் கற்பூரம் காட்டி, மணி அடித்து, டேட்டாபேஸுக்கே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார். மளிகைச் சீட்டில் போடுவார்கள், கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள், நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து இருநூற்று முப்பத்தேழாவது வரியில் போட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் அண்ணன்தான். நான் சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஜெசிந்தா பயந்துபோய் என் தோளைப் பிடிக்கிறாள், திரையைக் காட்டுகிறேன், அவள் பார்த்துவிட்டு "யேசுவே" என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். பதினொன்று நாற்பத்தொன்பது. திறந்தேன்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு ஒரு வரி ஏறியது. தாராபுரம். மணமகள் தேன்கனி, மணமகன் ஆரோக்கியம், வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. போனில் அந்தப் பெண் ஏதோ கத்துவது ஜெசிந்தாவின் காதைத் தாண்டி எனக்கும் கேட்டது, வார்த்தை புரியவில்லை, சந்தோஷம் புரிந்தது. நாற்காலிக் குடும்பத்துக்கு அந்தத் தேதிக்கு அடுத்த வாரமே இதைவிட நல்ல முகூர்த்தம் இருக்கிறதாம், அவர்களும் கோபிக்கவில்லையாம். பன்னிரண்டு. கிராஃப் அசையாமல் இருக்கிறது, ஒரு மூச்சு, பிறகு கிளம்பியது பாருங்கள், நேராக மேலே, ஓசூர், சேலம், மணப்பாறை, காரைக்குடி, எல்லா ஊரிலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள், புது வெர்ஷன் தடுமாறவே இல்லை, அத்தனை கல்யாணத்தையும் வாங்கி வாங்கி உள்ளே வைத்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. அண்ணன் வந்தார், விபூதி நெற்றி, கை ரெண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு கிராஃபை வெகு நேரம் பார்த்தார். "அடுத்தது எப்பங் அம்மிணி?" என்றார். சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமுங்ணா, ஒன்பதிலிருந்து பத்தரை என்றேன், காலண்டரைப் பார்க்காமலே. "அப்ப நாயித்துக்கெழம?" என்று கேட்டேன், கேட்கும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. அண்ணன் என் மோவாயைப் பார்த்தார், அவருக்கு எல்லாம் தெரியும்போலிருக்கிறது. "அத எடுத்துருங். ராத்திரி ரெண்டு மணியெல்லாம் மனுசன் முழிக்கற நேரமுங்ளா" என்று சொல்லிவிட்டு, தான்தான் ஆறு வருடமாக முழிக்க வைத்தவர் என்ற நினைப்பே இல்லாமல் போய்விட்டார். நான் அட்டவணையைத் திறந்தேன். மாதம் இரு முறை, ஞாயிறு, அதிகாலை இரண்டு மணி, பொறுப்பாளர் ரஷ்யா. நீக்கு என்பதை அழுத்தினேன். இதை நிரந்தரமாக நீக்க வேண்டுமா, நீக்கினால் திரும்பப் பெற முடியாது என்று கேட்டது. திரும்பப் பெற முடியாது. ரெண்டு தடவை படித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. ஆமாம் என்று வாய்விட்டுச் சொன்னேன், அலுவலகமே திரும்பிப் பார்க்க, கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட நான் இத்தனை சத்தமாகச் சொல்லவில்லை. அழுத்தினேன். அந்தக் கட்டத்திலிருந்த நீலப் பட்டை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிறது.